விரட்டுவது யார் வழி?

மதுரையில் ஒரு பள்ளிவாசல். அஸர் தொழுது வெளியே வருகிறோம். வாசலில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. கழுத்தில் கேமரா, முழங்கால் தெரியும் கால்சட்டை. உள்ளே பார்க்கலாமா என்று சைகையால் கேட்டனர். 'போ, போ' என்று கையை வீசி விரட்டினார் ஒரு பெரியவர். நாம் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் அவர்கள் ஆட்டோ ஏறிவிட்டனர்.

மீனாட்சி கோவிலையும் நாயக்கர் மஹாலையும் காண வருவோரில் சிலர் காஜிமார் பெரிய பள்ளிவாசலையும், ஒரே கல்லில் ஆனதாகச் சொல்லப்படும் கோரிப்பாளையம் குவிமாடத்தையும் தேடி வருகின்றனர். (தர்காக்கள் பற்றிய நமது நிலை வாசகர்கள் அறிந்ததே. வருகிறவருக்கு அந்த வேறுபாடு தெரியாது. அவர் பார்ப்பது முஸ்லிமை.)

2024 ஜனவரியில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, பழனி கோவில் வழக்கில், இந்து அல்லாதோர் கொடிமரத்தைத் தாண்டக் கூடாது என்று பலகை வைக்க உத்தரவிட்டது. கோவில் சுற்றுலாத் தலமல்ல என்றும் கூறியது. அவர்களது ஆலயத்தின் ஒழுங்கை மதிப்பது நம் கடமை. நமது கேள்வி நம் வாசலைப் பற்றியது.

'இணைவைப்போர் நெருங்கக் கூடாதே' என்று 9:28 வசனத்தைச் சிலர் ஓதிக் காட்டுவர். அவ்வசனம் பேசுவது மஸ்ஜிதுல் ஹராமைப் பற்றி. மற்றப் பள்ளிகளில் முஸ்லிம்களின் அனுமதியோடு நுழையலாம் என்பது ஷாஃபி மத்ஹபின் சட்டம். ஹனஃபியிலும் தடையில்லை. மாலிக் இமாமின் கருத்து வேறு. ஆனால் மதுரையில் மாலிக்கிகள் எத்தனை பேர்?

பனூ ஹனீஃபா தலைவர் ஸுமாமா கைதியாகப் பிடிக்கப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவரைக் கட்டிவைக்கச் செய்த இடம் சிறையல்ல, பள்ளியின் தூண். மூன்று நாட்கள் தொழுகையையும் தோழர்களையும் பார்த்தார். விடுவிக்கப்பட்டதும் அருகிலிருந்த தோட்டத்தில் குளித்துவிட்டு அதே பள்ளிக்குத் திரும்பிவந்து கலிமா சொன்னார். பள்ளிக்குள் சிறுநீர் கழித்த கிராமவாசியைக்கூட அடிக்க விடாமல், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னவர்கள் அண்ணலார். இவரோ வாசலில் நின்று அனுமதி கேட்டவர்!

கட்டுப்பாடே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தொழுபவர் முகத்துக்கு நேரே கேமரா நீட்டுவதை ஏற்க முடியாது. ஜும்ஆ நேரத்தில் வேடிக்கை பார்க்க இடமில்லை. 2022 நவம்பரில் டெல்லி ஜாமிஆ மஸ்ஜிதில், வீடியோ எடுக்கும் கூத்தைத் தடுக்கப் போய், தனியே வரும் பெண்களுக்கே தடை என்று பலகை மாட்டினார்கள். கண்டனம் எழுந்ததும் கழற்றினார்கள். அந்தக் கூத்தாடியவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

விரட்டிய பெரியவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தொழுகை நேரம், உடை ஒழுங்கு, செருப்பு விடுமிடம் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு பலகை. நான்கைந்து கைலி, துப்பட்டா. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஆங்கிலம் தெரிந்த ஓர் இளைஞர். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் நிர்வாகிகள் இதைப் பேசட்டும். ஒரு கந்தூரியின் வாணவேடிக்கைச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.