லைனைக் கட் பண்றதுக்கு முன்னாடி...



பதினாறாம் நாள் காரியம் பற்றிக் கேட்கக் கோயிலுக்கு வரும் குடும்பங்களிடம், தொண்டூழியர்களாகிய நாங்கள் இப்போதெல்லாம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறோம். "அவங்க போன் நம்பரை என்ன பண்ணீங்க?" பெரும்பாலும் வரும் பதில், "அது அன்னைக்கே கேன்சல் பண்ணியாச்சு. பில் ஏறுமே!"

கவலை நியாயம்தான். நம்ம ஊரில் எல்லாமே வேகம். 2022 மே 29 முதல் மரணத்தைப் பதிய யாரும் தனியாக எங்கும் போக வேண்டியதில்லை; சான்றிதழும் மின்னிலக்க வடிவில் வந்துவிடுகிறது. மண்டாயில் வாங்கிய அஸ்தியைக் கடலில் கரைக்கும் முன்பே சில வீடுகளில் லைன் போய்விடுகிறது.

ஆனால் ஒரு விஷயம் பல பேருக்குத் தெரிவதில்லை. "இப்ப எடுக்க முடியல, பேரைச் சொல்லி வைங்க" என்று வாய்ஸ்மெயிலில் அவர் பேசி வைத்த அந்த நாலு வார்த்தை கைப்பேசிக்குள் இல்லை. தொலைபேசி நிறுவனத்தின் கணினியில், அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. எண் போனால் அதுவும் போச்சு. போனைப் பட்டுத்துணியில் சுற்றி பீரோவில் வைத்தாலும் குரல் அதில் கிடையாது. கொஞ்ச காலம் கழித்து அதே எண் வேறொருவருக்குப் போய்விடும். பழக்கதோஷத்தில் அப்பா நம்பரை அழுத்தினால், எங்கோ ஊழியர் விடுதியில் இருக்கும் ஒரு தம்பி எடுத்து "ஹலோ, யாருங்க?" என்பார். பாவம், அவர் மேல் என்ன தப்பு?

லண்டனில் நடந்ததைச் சொல்கிறோம். அங்குள்ள சுரங்க ரயில் நிலையங்களில் 'இடைவெளியைக் கவனியுங்கள்' என்ற அறிவிப்புக்குக் குரல் கொடுத்தவர் ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகர். 2007இல் இறந்துவிட்டார். அவர் மனைவி எம்பேங்க்மென்ட் நிலையத்தில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்பது வழக்கம். 2012 கடைசியில் புதிய குரலை மாற்றிவிட்டார்கள். அந்த அம்மா போய்க் கேட்டார். நிர்வாகம் பழைய ஒலிப்பதிவைத் தேடி எடுத்து அவருக்கு ஒரு பிரதி கொடுத்தது. 2013இல் அந்த ஒரு நிலையத்தில் மட்டும் பழைய குரலையே திரும்பப் போட்டது. அங்கே பதிவு இருந்தது, கொடுத்தார்கள். நம் வீட்டில் லைனை வெட்டிய பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

சில பெரியவர்கள் எங்களைக் கோபித்தும் இருக்கிறார்கள். "குரலைக் கேட்டுக்கிட்டே இருந்தா ஆத்மா எப்படிப்பா போகும்?" ஐயா, ஹாலில் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறோமே, அது ஆத்மாவைப் பிடித்து வைக்கிறதா? கேட்டே ஆகணும்னு நாங்கள் சொல்லவில்லை. இப்போது எடுத்து வையுங்கள். கேட்பதா வேண்டாமா என்று திவசத்துக்குள் மனசு சொல்லும்.

உண்மையில் நம்மவர்களில் பலர் வாய்ஸ்மெயிலே வைப்பதில்லை. நம் அம்மாக்களின் சொத்து வாட்ஸ்அப் குரல் பதிவுதான். "தேக்காவுல இருக்கேன், முருங்கைக்காய் வேணுமா?" என்று பன்னிரண்டு விநாடி. அதுவும் நிரந்தரமில்லை. நாம் திறந்து கேட்ட பதிவு நம் போனில்தான் இருக்கிறது. பேக்கப் எடுக்காமல் போனை மாற்றினால் காலி. அவர் பக்கத்துக் கணக்கைப் பொதுவாக 120 நாள் யாரும் தொடாவிட்டால் வாட்ஸ்அப் நீக்கிவிடும்.

எங்கள் இளையர் ஒருவர் கேட்டார், "ஏஐ வச்சு பாட்டியைத் திரும்பப் பேச வைக்கலாமே?" 2024இல் 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ரஹ்மான் அப்படிப் பாட வைத்தார், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். பாட்டு வேறு. பாட்டி சொல்லாததைப் பாட்டி குரலில் சொல்ல வைப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. முருங்கைக்காய் போதும்.

ஆகவே, கருமாதி முடியும் வரையாவது லைனை விட்டு வையுங்கள். அந்தப் போனை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, மூன்றாவது போனில் பதிவு செய்யுங்கள். நாட்டு வைத்தியம் மாதிரி இருக்கும், ஆனால் வேலை செய்யும். பிறகு இரண்டு பேருக்காவது அனுப்பி வையுங்கள்.

தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிந்ததும் எங்களிடம் வாங்க. போனையும் சார்ஜரையும் எடுத்து வாங்க. பாஸ்வேர்டு தெரிந்த பேரப்பிள்ளை யாராவது இருந்தால் கூட்டிட்டு வாங்க, அதுதான் ரொம்ப முக்கியம்.