நிலத்தின் எசமான் யார்?

பொலன்னறுவைப் பக்கமிருந்தோ வாகரைப் பக்கமிருந்தோ மட்டக்களப்புக்கு வருகின்ற எவரும் ஓட்டமாவடிப் பாலத்தைக் கடந்தே ஆகவேண்டும். 2010ஆம் ஆண்டு புதிய வீதிப் பாலம் திறக்கப்படும் வரைக்கும் அங்கு ஒடுங்கிய இரும்புப் பாலம் ஒன்றே இருந்தது. புகையிரதமும் அதன்மேல்தான், பஸ் வண்டியும் அதன்மேல்தான், மாட்டு வண்டியும் சைக்கிளும் அதன்மேல்தான். ஒரு பக்கத்தார் கடந்து முடியும்வரை மறுபக்கத்தார் காத்து நிற்கவேண்டும். அந்தக் காத்திருப்பில் நாம் கற்றுக்கொண்ட விடயங்கள் பல. எந்த மோட்டார் சைக்கிள் எண்ணெய் குறைவாகக் குடிக்கும், எந்த நீரிறைக்கும் இயந்திரம் உவர்த் தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும், எந்த ரோர்ச் லைட் மழையில் நனைந்தாலும் எரியும் என்றெல்லாம் தமிழரும் முஸ்லிம்களும் அங்கு நின்று வாதாடுவதைக் கேட்டே நாம் வளர்ந்தோம். இத்தகைய பேச்சைச் சற்று நிதானித்துக் கேட்டால் எமது மக்களின் பொருளாதாரம் முழுவதும் அதற்குள் அடங்கியிருப்பது தெரியவரும்.

பெயர்களையே எடுத்துக்கொள்வோம். இரு சக்கர உழவு இயந்திரத்தை எமது விவசாயிகள் "லாண்ட்மாஸ்டர்" என்றே அழைக்கின்றனர். அது உண்மையில் ஓர் ஆங்கிலேய நிறுவனத்தின் வணிகப் பெயர். அந்நிறுவனத்தின் இயந்திரங்கள் எமது வயல்களைவிட்டு மறைந்து பல்லாண்டுகளாயிற்று. இன்று ஓடுபவை யப்பானிலும் சீனாவிலும் இந்தியாவிலும் செய்யப்பட்டவை. ஆனால் பெயர் மட்டும் போகவில்லை. அப்பெயரின் பொருள் என்னவென்று ஒருநாள் கூட்டமொன்றில் ஒரு முதியவர் எம்மிடம் கேட்டார். "நிலத்தின் எசமான்" என்றோம். அவர் சிரித்துவிட்டு, "அப்ப நாங்க ஆர் சுவாமி?" என்றார். கூட்டம் முழுவதும் சிரித்தது. கேள்வியோ இன்றுவரை எம்மைவிட்டுப் போகவில்லை.

ஏனெனில், அக்கேள்விக்கு எழுத்திலேயே ஒரு விடை உண்டு. லீசிங் முறையில் வாகனம் வாங்கியவர்கள் தமது பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கட்டும். அதில் இரண்டு உரிமையாளர்கள் இருப்பார்கள். ஒருவர் பதிவு செய்த உரிமையாளர்; அவர்தான் ஓட்டுபவர், எண்ணெய் ஊற்றுபவர், காப்புறுதி கட்டுபவர், பொலிசார் மறித்தால் தண்டம் செலுத்துபவர். மற்றவர் முற்றான உரிமையாளர். அது கடன் கொடுத்த நிறுவனம். கடைசித் தவணை கட்டி முடியும்வரை பொருள் சட்டப்படி அவருடையதே. எமது மக்களோ முதல் தவணை கட்டிய அன்றே மாலை போட்டு, சந்தனம் பூசி, "எங்கட மெசின்" என்று வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்.

நாம் அறிந்த ஒரு குடும்பம். பெரும்பாலான தவணைகளைக் கட்டி முடித்திருந்தார்கள். ஒரு போகம் வெள்ளத்தில் போயிற்று, மூன்று தவணைகள் தவறின. மறுபோகத்து உழவு தொடங்கும் வாரத்தில் இயந்திரம் முற்றத்திலிருந்து ஏற்றப்பட்டது. அவ்வீட்டுத் தலைவர் கையில் ஒப்பந்தப் பத்திரம் இருந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. கையொப்பமிட்ட அன்று அதை அவருக்கு வாசித்துச் சொன்னவர் எவருமில்லை. இயந்திரத்தை இழந்ததைவிட, தன்னுடையது என்று நினைத்தது தன்னுடையதாக ஒருநாளும் இருக்கவில்லை என்பதை அறிந்ததே அவருக்குப் பெரிய அடியாக இருந்தது.

தவணை முறையே கெட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. சிங்கர் தையல் இயந்திர நிறுவனம் 1850களிலேயே அமெரிக்காவில் தவணை முறையில் விற்கத் தொடங்கியது. 1877இல் அந்நிறுவனம் இலங்கைக்கும் வந்தது. அந்த இயந்திரத்தை வைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய விதவைத் தாய்மார் எத்தனை பேரை நாம் கண்டிருக்கிறோம்! கையில் காசில்லாதவனுக்குத் தவணை ஒரு கதவு. முன்னைய காலத்தில் சொந்த எருமையில்லாதவன் போடியாரின் வாசலிலேயே நிற்கவேண்டியிருந்தது என்பதையும் மறக்கலாகாது. ஆனால் 2018ஆம் ஆண்டில், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்றிருந்த ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத நுண்கடன்களை அரசாங்கமே தலையிட்டு நீக்கவேண்டிய நிலை வந்ததென்றால், அந்தக் கதவின் உட்புறம் என்ன இருந்தது என்பதை நாம் சிந்திக்கவேண்டாமா?

உரிமை என்பது பதிவுப் புத்தகத்துடனும் முடிவதில்லை. கடனில்லாமல் வாங்கிய நீரிறைக்கும் இயந்திரத்தையே பாருங்கள். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. அன்று எத்தனையோ தோட்டங்களில் மிளகாய்க் கன்றுகள் வாட, சொந்த இயந்திரங்கள் கொட்டிலில் சும்மா கிடந்தன. வாவியிலும் கடலிலும் இயந்திரப் படகு வைத்திருந்தவர்களின் கதையும் அதுவே. இயந்திரம் எம்முடையது, அதன் உயிர் எம்முடையதல்ல.

இனி, திறந்து பார்க்கும் உரிமை. எமது தந்தையரின் சைக்கிளை ஒரு சாவியும் ஒரு சிறிய சுத்தியலும் கொண்டு முற்றத்தில் முழுவதுமாகக் கழற்றிப் பூட்டலாம். வால்வு வானொலியின் பின்பலகையைத் திறந்தால் உள்ளே சிவப்பாய் எரிவது தெரியும். எதுவும் விளங்காவிட்டாலும் பார்க்கவாவது முடிந்தது. இன்றைய கைத்தொலைபேசியின் பற்றரியைக்கூட வாங்கியவர் கழற்ற முடியாதபடி ஒட்டிவிடுகின்றனர். பற்றரி களைத்தால் தொலைபேசியையே எறி என்பது அதன் கருத்து. இது எமது ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவின் பெரும் விவசாயிகளே, தாம் பெரும் விலை கொடுத்து வாங்கிய ஜோன் டியர் உழவு இயந்திரங்களின் கணினிப் பூட்டைத் தாமே திறந்து திருத்த முடியவில்லை என்று முறையிட்டனர். 2023இல் கொலராடோ மாநிலம் விவசாயிகளுக்குத் திருத்தும் உரிமையை வழங்கிச் சட்டமியற்றியது. 2025 ஜனவரியில் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு அந்நிறுவனத்துக்கு எதிராக வழக்கே தொடர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் திருத்தும் உரிமைக்கு விதிகள் செய்தது. ஆயிரம் ஏக்கர் வைத்திருப்பவரே தம் இயந்திரத்துக்கு எசமானாக இருக்க முடியவில்லையெனில், இரண்டு ஏக்கர்க்காரனின் நிலை என்ன?

திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1991இல் வெளியிட்ட சுற்றுமடலொன்றில், நிலத்துக்குக் குறையாத முக்கியத்துவமுள்ள இன்னோர் உடைமை இக்காலத்தில் தோன்றியுள்ளதைச் சுட்டிக்காட்டினார். அறிவு, தொழினுட்பம், செய்திறன் என்பவையே அவ்வுடைமை. இந்த உடைமையை வைத்திருப்பவர்களை எமது பகுதியில் காணவேண்டுமானால் ஓட்டமாவடி, வாழைச்சேனை வீதியோரத்துக் கராஜ்களுக்குச் செல்லவேண்டும். உதிரிப்பாகம் இல்லையென்றால் வேறொன்றை அராவிப் பொருத்துவார்கள். வெடித்த இரும்பை ஒட்டவைப்பார்கள். 1990ஆம் ஆண்டின் பின்னர் இரு சமூகங்களும் ஒருவரையொருவர் அஞ்சி ஒதுங்கிய அந்தக் கசப்பான ஆண்டுகளில், ஊர்கள் பேசிக்கொள்ள முடியாதபோதும், பழுதான இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு "காக்கா, இதை ஒருக்காப் பாருங்க" என்று சென்ற தமிழ் விவசாயிகளை நாம் அறிவோம். "மழை வரமுந்தி முடிச்சித் தாறன் தம்பி" என்று இரவிரவாக இருந்து திருத்திக் கொடுத்தவர்களையும் அறிவோம். பட்டறைக்குள் இருந்த அந்த நம்பிக்கையை எந்தச் சமாதானக் கருத்தரங்கும் எமக்குக் கற்றுத் தரவில்லை. திறக்க முடியாத இயந்திரங்கள் பெருகினால், அந்தப் பட்டறைகள் மூடப்படும். பட்டறையோடு சேர்ந்து வேறும் சில மூடப்படும் என்பதே எமது பயம்.

பிறரைக் குறை கூறும் நாம் எமது குறையையும் ஏற்றுக்கொள்ளவேண்டும். போருக்குப் பின்னான ஆண்டுகளில் நாமும் சங்கங்களுக்கு நீரிறைக்கும் இயந்திரங்களும் மருந்து தெளிகருவிகளும் வழங்கினோம். மேடை போட்டோம், குத்துவிளக்கு ஏற்றினோம், இயந்திரத்தின் மேல் எமது பெயரையும் உதவியவர் பெயரையும் பெரிதாக எழுதினோம். இரண்டு வருடத்தில் அவற்றிற் பல துருப்பிடித்துக் கிடந்தன. ஏன் திருத்தவில்லை என்று ஓர் அம்மாவிடம் கேட்டோம். "அது பாதர்ர மெசின்தானே, நாங்க எப்படிக் கை வைக்கிற?" என்றார். எழுதிய பெயரே உரிமையைத் தீர்மானித்துவிட்டது. ஒரு சாவிப்பெட்டியையும் இரண்டு நாள் பயிற்சியையும் கொடுத்து, பெயர்ப்பலகையை விட்டிருந்தால் அவை இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே, எந்தப் பொருளை வாங்குமுன்னும் மூன்று கேள்விகளைக் கேட்குமாறு எமது வாசகர்களை வேண்டுகிறோம். முதலாவது, இதைத் திறக்க முடியுமா? இரண்டாவது, பழுதானால் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் திருத்துபவரும் உதிரிப்பாகமும் உண்டா? மூன்றாவது, இதை அயலவருக்கு ஒருநாள் இரவல் கொடுக்க முடியுமா? இரவல் கொடுக்க அஞ்சவேண்டிய பொருள் எமக்கு உடைமையா, எம்மை உடைமையாக்கிய ஒன்றா என்று யோசிப்பது நல்லது.

சங்கங்களுக்கும் எமது ஆலோசனைகள் சில உண்டு. லீசிங் பத்திரம் எதிலும் கையொப்பமிடுமுன் அதைத் தமிழில் வாசித்துச் சொல்ல ஒருவரைச் சங்கம் நியமிக்கட்டும். பாடசாலை விட்ட இளைஞர் இருவரை வருடந்தோறும் ஒரு கராஜில் தொழில் பழக அனுப்பட்டும். தமிழ்ப் பிள்ளை முஸ்லிம் காக்காவிடமும், முஸ்லிம் பிள்ளை தமிழ் மேசனிடமோ மின்னிணைப்பாளரிடமோ பழகுவதில் தவறென்ன? ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் இயந்திரம் வாங்குவதானால், அதற்குப் பொறுப்பாளர் ஒருவரின் பெயரையும், திருத்தச் செலவுக்கு ஒவ்வொரு போகமும் ஒதுக்கவேண்டிய நெல்லின் அளவையும் வாங்குமுன்னரே எழுதிவைக்கட்டும். பொதுச்சொத்து கெடுவது பொதுவாக இருப்பதாலல்ல, பொறுப்பாளி இல்லாததால்.

இன்று புதிய பாலத்தில் எவரும் எவருக்காகவும் காத்து நிற்பதில்லை. வசதிதான், மறுப்பதற்கில்லை. பழைய இரும்புப் பாலம் பக்கத்திலேயே நிற்கிறது, அதன்மேல் புகையிரதம் மட்டும் போகிறது. நாம் சந்தித்த அந்த முதியவர் இந்த வருடமும் மாரிப் போகம் செய்கிறார். அவருடைய இரு சக்கர உழவு இயந்திரம் பழையது, வண்ணம் போனது, எந்த நிறுவனத்தினுடையது என்றே தெரியாத அளவுக்கு உதிரிகள் மாற்றப்பட்டது. தவணை எதுவும் பாக்கியில்லை. பழுதானால் தானே கழற்றுகிறார், முடியாவிட்டால் ஓட்டமாவடிக்குக் கொண்டுபோகிறார். "ஆர் எசமான்?" என்ற கேள்வியை இனிமேல் அவரிடம் நாம் கேட்கத் தேவையில்லை.