முட்டைக் கணக்கும் சிறுவாட்டுக் காசும்



அவனியாபுரத்தில் வீட்டுக்குப் பின்னே நாட்டுக்கோழி வளர்ப்போர் பலர் உண்டு. நாட்காட்டித் தாளில் தினமும் முட்டைக் கணக்கைக் குறித்துவைப்போர் சிலரே. குறிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கணக்கில்லாத வீட்டில் கோழிக்கு அநியாயத் தீர்ப்பு கிடைக்கிறது. ஒரு வாரம் முட்டை காணாவிட்டால் குழம்புச் சட்டிக்கு அனுப்பிவிடுகிறோம். ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகும். ஆகவே இடும் நேரம் நாள்தோறும் சற்றே பிந்தி, பின்பு ஒருநாள் விடுபட்டுப்போகும். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும். 21 நாள் அவயம், பிறகு குஞ்சுகளோடு பல வாரம். இறகு உதிரும் காலத்தில் முட்டை நிற்கும். பகல் சுருங்கும் மார்கழியிலும் குறையும். இவற்றுள் எதுவும் மலடு அன்று. ஆண்டுக்கு 300 முட்டை தரும் நாமக்கல் பண்ணைக் கோழியோடு ஒப்பிடுவதும் முறையன்று. அதற்கு விளக்கொளியும் அளந்த தீவனமும் உண்டு, அடைகாக்கும் வேலை இல்லை. முட்டைகளோடு தாய்ப்பறவையையும் எடுக்கலாகாது என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் விதித்திருப்பதை அடைக்கோழியைச் சந்தைக்குத் தூக்குவோர் நினைத்துக்கொள்ளலாம்.

மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. கோழிக்கொரு நிறமாகக் காலில் நூல் கட்டி, எது இட்டது என்று எழுதுங்கள். வைக்கோல் மறைவில் இடும் கள்ளியும் அகப்படுவாள்!

இன்னொன்று. விடியலில் பஞ்சாரம் திறந்து, தவிடு பிசைந்து, கீரிக்கும் பருந்துக்கும் காவல் நிற்பவர்கள் வீட்டுப் பெண்களே. முட்டைக் காசு அவர்களுடைய சிறுவாடு. கணக்கு எழுத்தில் வந்தவுடன் ஆண்கள் அதைத் தம் வரவில் சேர்த்துவிட வேண்டாம். நோட்டு அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.