காண்ட்ரா முடித்த மாமாக்களுக்கு ஒரு வணக்கம், ஒரு சண்டை

களம்பூரில் எங்கள் வீட்டுப் பரணில் மாமாவின் பழைய டிவி கேம் செட் ஒன்று இருக்கிறது. பொங்கல் லீவில் அதை இறக்கி, தூசி தட்டி, காசெட்டை ஊதிச் சொருகி காண்ட்ரா போட்டோம். முதல் ஸ்டேஜ் தாண்டுவதற்குள் எனக்கு மூன்று லைஃபும் காலி. மாமாவுக்கு ஒரே சிரிப்பு. "அந்தக் காலத்து கேம்னா கேம்டா! நீங்கல்லாம் சேவ் பண்ணிப் பண்ணி ஆடுற பசங்க."

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மாமா மேல் மரியாதை உண்டு. ஆனால் இந்தப் பேச்சு தப்பு. பழைய கேம்கள் கஷ்டம்தான். ஆனால் அது நம் திறமையை மதித்து வைத்த கஷ்டம் இல்லை. பெரும்பாலும் வியாபாரக் கணக்கு.

காண்ட்ரா 1987-ல் முதலில் வந்ததே காசு போட்டு ஆடும் மெஷினாகத்தான். நாம் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். அப்படிப்பட்ட மெஷின்கள் பலவற்றில் கஷ்டத்தைக் கூட்டிக் குறைக்க, கடைக்காரருக்கென்றே உள்ளே ஸ்விட்ச் இருந்தது!

சரி, வீட்டில் ஆடும் காசெட்டுக்கு என்ன கேடு? இடம் இல்லை. 1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிது. சாகாமல் ஆடினால் காண்ட்ராவே அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அரை மணி நேரச் சரக்கை ஆறு மாதம் ஓட்ட ஒரே வழி, ஆளைக் கொன்று கொன்று முதலிலிருந்து ஆட வைப்பது.

அமெரிக்காவில் வாடகைக் கடைகள் வேறு. 1994-ல் வந்த லயன் கிங் கேமை, வாடகைக்கு எடுத்தவர்கள் சீக்கிரம் முடித்துவிடக் கூடாது என்றே டிஸ்னி கஷ்டமாக்கச் சொன்னதாம். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான லூயிஸ் காசில் பின்னாளில் சொன்னது இது.

நம் ஊரில் இன்னொரு வில்லன், கரண்ட். ஆறாவது ஸ்டேஜில் கரண்ட் போனால் மறுபடி முதல் ஸ்டேஜ். இதில் திறமை எங்கே வந்தது?

எல்லாக் கஷ்டமும் மோசம் என்று சொல்லவில்லை. மரியோவில் செத்தால் ஏன் செத்தோம் என்று உடனே புரியும். அடுத்த தடவை சரியாகக் குதிப்போம். 1991-ல் வந்த பேட்டில்டோட்ஸின் மூன்றாம் ஸ்டேஜ் பைக் அப்படியா? சுவர் கண்ணில் படுவதற்குள் மோதியிருப்போம். மனப்பாடம் ஒன்றே வழி, பப்ளிக் எக்ஸாம் மாதிரி.

ஆரணிப் பக்கம் தறி பார்த்தவர்களுக்குத் தெரியும். பட்டு நெய்வதைவிடப் பொறுமை கேட்கும் வேலை குறைவு. அங்கேயும் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு மேலே நெய்வார்கள். புடவையை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னால் அதற்குப் பெயர் தொழில் சுத்தம் இல்லை, கொடுமை.

கடைசியாக ஒன்று. 1986-ல் கிரேடியஸ் கேமை வீட்டு மெஷினுக்கு மாற்றிய கொனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோவுக்கே அதை ஆடிச் சோதிக்க முடியவில்லை. அதனால் தனக்காக அவர் வைத்துக்கொண்ட குறுக்குவழிதான் மேல மேல, கீழ கீழ, இடது வலது, இடது வலது, பி, ஏ. அதே கோடுதான் காண்ட்ராவில் முப்பது லைஃப் தந்தது.

மாமாவிடம் கேட்டேன்: "நீங்க அந்தக் கோட் போட்டுத்தானே முடிச்சீங்க?"

"காபி ஆறுது பாரு, குடி" என்றார்.