பி.காம். பட்டமும் நம் கல்லாவும்

கணக்கு எழுத ஆள் தேவை என்று கடை வாசலில் அட்டை தொங்கவிட்டால், வருகிறவர்களில் பலர் பி.காம்., பி.பி.ஏ. முடித்த பிள்ளைகள். அண்மையில் நம்மிடம் வந்த ஒரு தம்பி ஐந்தொகையைத் தயங்காமல் விளக்கினார். 26 கிலோ அரிசிப் பை ஏன் சந்தைக்கு வந்தது என்று கேட்டோம். விழித்தார். 25 கிலோ வரை பையிலிட்டு விவரம் அச்சிட்ட அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, அதற்கு மேற்பட்ட பைக்கு வரி இல்லை என்பது மூட்டை இறக்கும் நம் பையனுக்குக்கூடத் தெரியும்.

"கல்லூரியில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?" என்று அலுத்துக்கொள்வது எளிது. ஆனால் அந்தத் தம்பியையே வைத்துக்கொண்டோம். விற்றவர் தம் படிவத்தில் பில்லைக் காட்டாவிட்டால் 2022 ஜனவரி 1 முதல் நமக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. இதை ஒரு முறைதான் சொன்னோம். அடுத்த மாதமே, மொத்த வியாபாரி ஒருவர் விட்டுவிட்ட இரண்டு பில்களை அவர் பிடித்துவிட்டார். நம் பழைய கணக்கப்பிள்ளை கண்ணில் அவை படவில்லை. பேரேடு படித்த புத்திதான் அங்கே உதவியது.

பருப்பைக் கையில் அள்ளி ஈரம் பார்ப்பதும், கடன் கேட்பவரிடம் முகம் கோணாமல் இல்லை என்பதும் எந்தப் பரீட்சையிலும் வராது. கடையில்தான் வரும். நாமோ "அனுபவம் உண்டா?" என்று கேட்டு அனுப்பிவிடுகிறோம். எடுத்தாலும், பொட்டலம் கட்டுகிறவர் சம்பளத்தைவிடக் குறைத்துப் பேசுகிறோம். மூன்று மாதத்தில் அவர் கம்பெனிக்குப் போய்விட்டால் பட்டத்தைக் குறை சொல்கிறோம். நம் சொந்தப் பிள்ளைகளையும், படிக்கிற பிள்ளை என்று லீவு நாளில்கூடக் கல்லாவில் உட்காரவிடுவதில்லை. அப்புறம் எம்.பி.ஏ. முடித்தவன் கடைக்கு வர மறுக்கிறான் என்று புலம்பல்!

தொழில் பழகுநர் சட்டம் 1961இலேயே வந்தது. 2014 திருத்தம் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் வழி திறந்தது. 2019 விதித் திருத்தப்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்துக்கு அது கட்டாயம். 4 பேர் உள்ள கடையும் விரும்பினால் பழகுநரை எடுக்கலாம். உதவித்தொகையில் ஒரு பங்கை அரசே ஏற்கிறது. நம்மில் எத்தனை பேர் விண்ணப்பித்தோம்?

நாலு பேர் இல்லாத சிறு கடைகளுக்காக, பக்கத்துக் கல்லூரியோடு பேசி மே விடுமுறையில் மாணவர்களைக் கடைகளில் அமர்த்துவது பற்றி அடுத்த செயற்குழுவில் முடிவெடுக்க வேண்டும். வருகிற பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். டீயும் வடையும் போதாது.