மரை கழன்றது யாருக்கு?



நம் ஹாஸ்டலில் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது காதில் விழுகிற வசனம் ஒன்று உண்டு. "என்னடா, மரை கழண்டுடுச்சா?" மனுஷனுக்கு மரை கழன்றால் உடனே கண்டுபிடித்து விடுகிறோம். வண்டிக்குக் கழன்றால் மட்டும் "ஒரு முறுக்கு முறுக்கி விடு, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறோம். அந்த 'ஒரு முறுக்கு' பற்றித்தான் இந்தக் கட்டுரை. மூன்று வருஷம் இயந்திரவியல் படித்துவிட்டு வெளியே போகிற நாமும் அதையே சொல்வதென்றால் நமக்கு டிப்ளமோ எதற்கு?

சொந்த அனுபவத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். என் சித்தப்பாவுக்கு ஒரத்தநாட்டுப் பக்கத்தில் நிலமும் கொஞ்சம் தென்னந்தோப்பும் உண்டு. ஒரு பழைய ஜீப்பும் உண்டு. உர மூட்டை, நாற்றுக்கட்டு, தேங்காய், ஆட்கள் எல்லாமே அதில்தான். 2018 நவம்பர் 16ஆம் தேதி அடித்த கஜா புயலை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். சாய்ந்த தென்னைகளை அறுத்து எடுத்த பிறகும் அடிக்கட்டைகள் தோப்பில் நின்றன. அப்படி ஒரு கட்டையில் மோதித்தான் ஜீப்பின் பின்பக்க ஷாக் அப்சார்பர் வளைந்தது. அதற்குப் பிறகு சித்தப்பா ஒரு பட்டறையில் சொல்லி, பின் அச்சுக்கு அடியில் ஸ்பிரிங் பட்டையையும் ஷாக் அப்சார்பரின் கீழ்முனையையும் காக்கிற மாதிரி 6 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றைப் பூட்டினார். புத்தகத்தில் அதற்கு ஸ்கிட் பிளேட் என்று பெயர். நாம் அடித்தகடு என்று வைத்துக்கொள்வோம். நான்கு போல்ட், நான்கு நட்டு. அவ்வளவுதான் சமாச்சாரம்.

சில வருஷம் தகடு நன்றாகத்தான் உழைத்தது. பிறகு பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'கடகட'வென்று சத்தம். பட்டறையில் ஸ்பிரிங் வாஷர் போட்டு முறுக்கினார்கள். ஒரு மாதத்தில் மறுபடியும் சத்தம். ஸ்பேனரில் பைப்பை மாட்டி ஏறி மிதித்து முறுக்கினார்கள். மறுபடியும் சத்தம். மூன்றாவது தடவை சைக்கிள் டியூபை வெட்டி நடுவில் வைத்து இறுக்கினார்கள். சத்தம் நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம்.

போன வருஷம் நடவு சமயம். கல்லணைக் கால்வாயின் கிளை வாய்க்கால் கரையில், நடவுக்கு வந்த ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு சித்தப்பா வந்துகொண்டிருந்தார். வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. சரிவில் இறங்கும்போது முன்பக்க போல்ட்டுகள் இரண்டும் போய், தகட்டின் விளிம்பு தொங்கி மண்ணில் குத்தியது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக் கரை ஓரத்தில் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குனிந்து பார்த்தபோது, மடங்கிய தகடு அச்சின் மேல் போகும் பிரேக் பைப்பை அழுத்திக்கொண்டிருந்தது. இன்னும் ஓர் அங்குலம் போயிருந்தால்?

அன்று ராத்திரி சித்தப்பா என்னிடம் கேட்டார்: "நாலே நாலு போல்ட்டுடா தம்பி. மூணு தடவை காசு குடுத்து முறுக்கியிருக்கேன். நீ படிக்கிற படிப்புல இதுக்கு ஒண்ணுமே இல்லையா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. தேர்வில் போல்ட்டின் குறுக்களவைக் கணக்குப் போட்டு முழு மார்க் வாங்கியவன்தான் நான்!

கழன்றதா, தளர்ந்ததா?

லீவில் நானும் வகுப்புத் தோழன் ஒருவனும் அந்தத் தகட்டைக் கழற்றிப் போட்டுப் பார்த்தோம். அப்போது புரிந்த முதல் விஷயம் இது. கழல்வது வேறு, தளர்வது வேறு. நட்டு தானாகத் திரும்பி வெளியே வந்தால் அது கழன்றது. நட்டு இம்மிகூடத் திரும்பாமலே பிடிப்பு போய்விட்டால் அது தளர்ந்தது. இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான், வைத்தியம் வேறு வேறு. எது என்று பார்க்காமல் முறுக்குவது, காய்ச்சல் எதனால் என்று கேட்காமலே ஊசி போடுகிற கதை.

தளர்வது எப்படி? நாம் படித்த ஹூக் விதியை இங்கே போட்டுப் பாருங்கள். 8.8 தரமுள்ள 10 மி.மீ. போல்ட்டைச் சுமார் 50 நியூட்டன் மீட்டர் முறுக்கினால், அதற்குள் ஏறக்குறைய இரண்டரை டன் இழுவிசை ஏறும். போல்ட் ஒரு ஸ்பிரிங் மாதிரி நீண்டு தகட்டை அமுக்கிப் பிடிக்கிறது. எவ்வளவு நீளும்? 20 மி.மீ. கனத்தைப் பிடிக்கும் போல்ட் நீள்வது சுமார் 0.04 மி.மீ. நம் தலைமுடியின் கனம்கூட இல்லை! அந்த 0.04 மி.மீ.யில்தான் முழுப் பிடிப்பும் இருக்கிறது.

இப்போது தகட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் கெட்டியாகப் பெயின்ட் அடித்து, அதன் மேல் பூட்டினால் என்ன ஆகும்? நாளாக ஆகப் பெயின்ட் நசுங்கும். 0.04 மி.மீ. நசுங்கினால் போதும், இரண்டரை டன்னும் போச்சு. நட்டு திரும்பவே இல்லை, ஆனால் தகடு ஆடுகிறது. பெயின்ட்டே இப்படி என்றால் சைக்கிள் டியூபைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ரப்பர் சத்தத்தைத்தான் அடக்கியது, நோயை அல்ல. சத்தம் என்பது வண்டி நமக்குச் சொல்கிற புகார். புகார் சொன்னவன் வாயைப் பொத்தியதுதான் அந்த மூன்றாவது ரிப்பேர்.

துருவும் இதே வேலையைத்தான் செய்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். முதலில் தகட்டை நெம்பித் தள்ளும். பிறகு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து இடைவெளி விடும். நம் ஊர் வண்டிக்கு இதில் கூடுதல் கஷ்டம் ஒன்றும் இருக்கிறது. வயல் சேறு தகட்டின் மேல் தேங்கி, ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைக்கும். நாம் 'பொட்டாஷ்' என்று மூட்டை மூட்டையாக ஏற்றும் உரம் பொட்டாசியம் குளோரைடு. குளோரைடு இரும்புக்கு என்ன செய்யும் என்று கடற்கரை ஊர்க்காரர்களைக் கேளுங்கள். மூட்டையிலிருந்து சிந்திய உரமும் சேற்றுத் தண்ணீரும் சேர்ந்தால் கடல் நம் வண்டிக்கு அடியிலேயே இருக்கிறது.

இனி, கழல்வது எப்படி? 1969ல் ஜெர்மன் பொறியாளர் ஜெர்ஹார்ட் யுங்கர் இதைச் சோதித்துக் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, குறுக்குவாக்கில் தகடு வழுக்கி வழுக்கி அசைவதுதான் நட்டைத் திருப்பிக் கழற்றுகிறது. தகட்டை நகராமல் பிடிப்பது போல்ட்டின் தண்டு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அந்த இரண்டரை டன் அமுக்கத்தால் வரும் உராய்வுதான் பிடிக்கிறது. ஆகவே முதலில் தளரும், தளர்ந்தால் வழுக்கும், வழுக்கினால் கழலும். சித்தப்பாவின் ஜீப்பில் நடந்தது இந்த வரிசைதான்.

பட்டறை வைத்தியம்

ஸ்பிரிங் வாஷர் போட்டால் கழலாது என்பது நம் எல்லோருடைய நம்பிக்கை. போல்ட்டை முழுசாக முறுக்கியதும் அது தட்டையாகி, சாதா வாஷர் ஆகிவிடுகிறது. பூட்டும் சக்தி அதில் இல்லை என்று நாசாவின் 1990ஆம் வருஷத்து போல்ட் வடிவமைப்புக் கையேடே சொல்லிவிட்டது. நைலான் வளையம் வைத்த நட்டு அதைவிட நம்பகமானது. ஆனால் அதையும் கழற்றிக் கழற்றி மாட்டக்கூடாது. ஒவ்வொரு தடவையும் நைலானின் பிடி குறையும்.

பைப் மாட்டி மிதிப்பது அடுத்த வைத்தியம். முறுக்குகிற பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கப் பயன்படுகிறது. மீதி மரையிலும் தலைக்கு அடியிலும் உராய்விலேயே போய்விடும். மரை துருப்பிடித்திருந்தால் அந்த ஒரு பங்கும் குறையும். கை வலிக்கும், போல்ட் இறுகாது. அதே மரை சுத்தமாக எண்ணெய் போட்டு இருந்தால், அதே மிதிக்குப் போல்ட் எல்லை தாண்டி நீண்டு செத்துப்போகும். மிதிக்கிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

"வெல்டு வெச்சிடுங்கண்ணே, தொல்லை விட்டுது" என்பது கடைசி வைத்தியம். வெல்டு வைத்தால் பிறகு தகட்டை இறக்கிச் சேறு கழுவ முடியாது, ஷாக் அப்சார்பர் மாற்ற முடியாது. உள்ளே துரு தின்பதும் கண்ணுக்குத் தெரியாது.

நாங்கள் கண்டது

அந்த நான்கு இடத்தில் இரண்டு போல்ட்டுகள்தான் மிஞ்சியிருந்தன. ஒன்றின் தலையில் 8.8 என்ற முத்திரை இருந்தது. இன்னொன்றில் முத்திரையே இல்லை. மரையை அளந்தால் அது 3/8 அங்குல போல்ட்! அமெரிக்க வழி வந்த பழைய ஜீப்புகளில் அங்குல மரை சகஜம். எங்கோ கழற்றியதை இங்கே போட்டிருக்கிறார்கள். 3/8 அங்குலம் என்றால் 9.5 மி.மீ.; மரை இடைவெளி 1.59 மி.மீ. 10 மி.மீ. நட்டின் மரை இடைவெளி 1.5 மி.மீ. ஆகவே ஏறும், கொஞ்சம் இறுகின மாதிரியும் இருக்கும். ஆனால் தாங்காது.

இது ஏதோ கிராமத்துப் பட்டறையில் மட்டும் நடப்பது என்று நினைக்காதீர்கள். 1990 ஜூன் 10ஆம் தேதி, பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினுக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில் விமானியின் முன்கண்ணாடி வானத்திலேயே பிய்த்துக்கொண்டு போனது. விமானி பாதி உடம்பு வெளியே இழுக்கப்பட்டுத் தொங்க, ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி தரையிறக்கினார். விமானி பிழைத்தது பெரிய விஷயம். விசாரணையில் தெரிந்தது என்ன? புதிதாகப் போட்ட 90 போல்ட்டுகளில் 84 குறுக்களவு குறைந்தவை. பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்த்து எடுத்ததால் வந்த வினை.

தகட்டில் துளைகள் முட்டை மாதிரி நீண்டிருந்தன. போல்ட்டைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் நைஸ் பொடி. இந்தப் பொடி முக்கியம், நண்பர்களே. இரும்பும் இரும்பும் உரசும்போது வருவது இது. போல்ட் தலையைச் சுற்றி இந்தப் பொடியைப் பார்த்தால், ஸ்பேனரை எடுக்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம், அந்தத் தகடு ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருக்கிறது என்று.

நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வண்டியை ஜாக்கியில் மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுத்து நிறுத்தினோம். (செங்கல் அடுக்கி அடியில் படுக்கிற வீரர்களே, தயவுசெய்து வேண்டாம்!) சேற்றைக் கழுவிக் காயவைத்தோம். தகட்டை நிமிர்த்தினோம். சேரும் இடங்களைக் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டு வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்தோம். நீண்ட துளைகளை வெல்டால் அடைத்து மறுபடி துளையிட்டோம். சேரும் முகத்தில் மெல்லிய பிரைமர் மட்டும். கெட்டிப் பெயின்ட் வெளிப்பக்கத்தில். சேறு தேங்காமல் வடிய இரண்டு துளைகள். நான்கும் ஒரே தரம், ஒரே அளவு: 8.8 போல்ட், கெட்டி வாஷர், நைலான் நட்டு. இரவல் வாங்கிய டார்க் ரெஞ்சில் 50 நியூட்டன் மீட்டர். கடைசியாக நட்டின் மேலிருந்து தகடு வரைக்கும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு.

அந்தக் கோடுதான் நான் உங்களுக்குச் சிபாரிசு செய்கிற கருவி. கோடு உடைந்திருந்தால் நட்டு கழல்கிறது. கோடு நேராக இருந்தும் தகடு ஆடினால் பிடிப்பு தளர்ந்திருக்கிறது. ஒரு வாரம் கழித்து ரெஞ்ச் வைத்துப் பார்த்தோம், கொஞ்சம் வாங்கியது. அதற்குப் பிறகு ஒரு நடவு, ஓர் அறுவடை முடிந்துவிட்டது. நாலு கோடும் நேராகவே இருக்கின்றன.

நம் பங்கு

பட்டறைக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வாசலில் வண்டி நிற்கும், அறுவடை காத்திருக்கும், "சீக்கிரம் விடுங்கண்ணே" என்று ஆள் நிற்பார். அவர்களிடம் இருக்கும் கைப்பழக்கம் நமக்கு வர இன்னும் பத்து வருஷம் ஆகும். ஆனால் நம்மிடம் இருக்க வேண்டியது ஒன்று உண்டு. 'ஏன்?' என்ற கேள்வி. அதற்குத்தானே மூன்று வருஷம் பாடம் படிக்கிறோம்? மேலே நான் சொன்ன எதுவும் நம் பாடத்துக்கு வெளியே இல்லை. ஹூக் விதி, உராய்வு, துரு, மரை அளவு எல்லாம் நோட்டில் இருக்கிறது. நோட்டில் இருப்பது வண்டிக்கு அடியில் படுத்தபோது ஞாபகம் வரவில்லை என்பதுதான் நம் குறை.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு என் யோசனை. வருஷத்துக்கு ஒரு நாள், அறுவடைக்கு முன்னால், பக்கத்துக் கிராமத்து ஜீப், டிராக்டர், டிரெய்லர்களை நம் ஒர்க்ஷாப்புக்கு வரச் சொல்வோம். அடித்தகடு, யூ போல்ட், சக்கர நட்டு எல்லாம் சோதித்து, ஒவ்வொன்றிலும் வெள்ளைக் கோடு போட்டு அனுப்புவோம். ஒரு டார்க் ரெஞ்சும் ஒரு டப்பா பெயின்ட்டும் போதும். விழா மேடையின் சீரியல் பல்புக்கு ஆகிற செலவுகூட ஆகாது.

சித்தப்பாவின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. படிப்பில் இருக்கிறது. எடுத்துப் போடத்தான் ஆள் வேண்டும். அடுத்த தடவை ஒரு நட்டு கழன்று நிற்கும்போது "முறுக்கு" என்று சொல்லும் முன் ஒரு நிமிஷம் "ஏன் கழன்றது?" என்று கேளுங்கள். கேட்காவிட்டால், மரை கழன்றது வண்டிக்கு அல்ல, நமக்குத்தான்!

— இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்