கருவியும் கழகமும்

நம் கல்லூரியின் இவ்விழாவினை நினைவுகூரும் பொருட்டு யாது செய்வோம் என்னும் வினா பழைய மாணவரிடையே எழுந்துள்ளது. புதிய கணினிக்கூடம் ஒன்று அமைத்தல் வேண்டுமென்பது பலருடைய கருத்து. அக்கருத்திலுள்ள நல்லெண்ணத்தை நாம் போற்றுகின்றோம். எனினும், கணினிகளை வாங்குமுன் சிந்தித்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. அதனைக் கூறுதல் தமிழாசிரியருக்குரிய எல்லையைக் கடந்ததாகுமெனச் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று என்பது மேலே வருவனவற்றால் விளங்கும்.

சீனன்குடா பெரும் பொறிகளைக் கண்ட ஊர். ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கு விமானத்தளமும், நூற்றளவான எண்ணெய்த் தாங்கிகளும் எழுந்தன. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு தாங்கி அழிந்தது. எஞ்சியவற்றுட் பல, நெடுங்காலம் வெறுமையாய்க் காட்டினிடையே கிடந்தன. தாங்கி இருந்தால் மட்டும் போதாது, அதனை நிரப்பிப் பயன்கொள்வாரும் வேண்டும் என்பதை இவ்வூரார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கணினிக்கும் இஃது ஒக்கும். அன்பளிப்பாக வந்த கணினிகள் உறையிடப்பட்டுப் பூட்டிய அறையிற் பழுதாகிப் போன பாடசாலையொன்றை நாம் கண்ணாரக் கண்டிருக்கின்றோம். அங்கே குறைவாயிருந்தது பொருளன்று.

நம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், சீனன்குடாவிலுள்ள தம் இல்லத்திலிருந்தே இணையத்தளங்களை அமைத்துக் கொடுக்குந் தொழிலைச் செய்து வருகின்றார். பல்கலைக்கழகம் புகுந்தவரல்லர், தாமே முயன்று கற்றவர். லினக்ஸ் இயங்குதளம், வேர்ட்பிரஸ், ட்ரூபல் என அவர் கையாளுங் கருவிகள் யாவும் விலையின்றிக் கிடைப்பவை. அண்மையில் நம்மைக் காண வந்தவர், கொழும்புக்குக் குடிபெயர எண்ணியிருப்பதாகக் கூறினார். ஊதியம் போதாமையோ காரணம் என வினவினோம். “கருவிக்குக் குறைவில்லை, சேர். விளங்காததைக் கேட்கத்தான் ஆளில்லை” என்றார். அவ்விடை நம் உள்ளத்தைத் தைத்தது.

அவர் கூறிய அனுபவங்களுள் ஒன்றை ஈண்டுத் தருகின்றோம். உள்ளூர்ச் சங்கமொன்று தன் பழைய அறிக்கைகளை இணையத்தளத்தில் ஏற்றுமாறு அவரிடம் ஒப்படைத்தது. அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவ்வெழுத்துருவில், உரோம எழுத்துகளுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டுள்ளன. ஆதலின், எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்னுஞ் சொல், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என ஐந்து குறிகளாய்ப் பொருளற்றுத் தோன்றும். அனைத்தையும் மீண்டும் தட்டச்சு செய்ய அவர் முற்பட்டு இரண்டு கிழமைகளைச் செலவிட்டார். பாமினியை ஒருங்குறிக்கு நொடிப்பொழுதில் மாற்றுங் கருவியைச் செர்மனியில் வாழும் ஈழத்தவராகிய சுரதா யாழ்வாணன் பல்லாண்டுகளுக்கு முன்பே ஆக்கி, எவரும் பயன்படுத்துமாறு வழங்கிவிட்டார் என்பது பின்னரே அவருக்குத் தெரிய வந்தது. கருவி இருந்தது, கருவி உண்டென்னுஞ் செய்தி இவ்வூரை எட்டவில்லை. அறிந்தார் ஒருவர் பக்கத்தில் இருந்திருப்பின் அவ்விரு கிழமைகளும் ஐந்து நிமிடங்களாய்ச் சுருங்கியிருக்கும்.

மற்றோர் அனுபவம் நம்மையுஞ் சார்ந்தது. சிறுவர்க்கான சொல் விளையாட்டொன்றை இணையத்தில் அமைத்தவர், ‘கோணேசன்’ என்னும் பெயரில் ஏழு எழுத்துகள் உளவெனக் கணினி கூறுவதைக் கண்டு மயங்கினார். நான்கு எழுத்துகளென்பதை ஐந்தாம் வகுப்பு மாணவரும் அறிவர். இருவரும் அமர்ந்து ஆராய்ந்தோம். ஒருங்குறி முறையில் ககரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, ணகரம் ஒன்று, ஏகாரக் குறி ஒன்று, சகரம் ஒன்று, னகரம் ஒன்று, புள்ளி ஒன்று என ஏழு எண்கள் அமைகின்றன. ஏட்டிலே குறி எழுத்தின் முன்னே நிற்பினும், கணினியின் நினைவில் அது பின்னரே வைக்கப்படுகின்றது. மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று நாம் கற்பித்து வந்த முறைக்கு அஃது இயைந்ததே. ஆயின், புள்ளியைப் பொறுத்தவரை கணினி இலக்கணத்தின் எதிர்வழியிற் செல்கின்றது. மெய்யோடு அகரம் சேர்ந்து னகர உயிர்மெய் பிறக்கும் என்பது நம் நெறி. கணினியோ உயிர்மெய்யை முதலாகக் கொண்டு, புள்ளியிட்டு அகரத்தை நீக்குகின்றது. இதனை உணர்ந்தபின் அவர், குறிகளையும் புள்ளியையும் தனியெழுத்தாக எண்ணாதவாறு தம் நிரலைத் திருத்தினார். அவருக்கு இலக்கணத்தின் பயன் தெரிந்தது. நமக்குக் கணினியின் உள்ளமைப்புத் தெரிந்தது. ஒரு மாலைப்பொழுதில் இருவர் கூடியதால் விளைந்த நன்மை இது. இருபதின்மர் திங்கள்தோறுங் கூடின் எவ்வளவு விளையும்!

கணினித் துறையின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. 1975ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கலிபோர்னியாவிலே ஒரு வீட்டின் வாகனக் கொட்டிலிற் சிலர் கூடி, ஓம்புரூ கணினிக் கழகத்தைத் தொடங்கினர். தாம் ஆக்கியவற்றைக் கொணர்ந்து காட்டுதலும், அறியாதவற்றைக் கேட்டலுமே அவர்தம் தொழில். அக்கழகத்திலே தம் பொறியைக் காட்டியவருள் ஒருவர் தீவ் வொஸ்னியாக். அப்பொறியிலிருந்து ஆப்பிள் நிறுவனம் 1976இல் பிறந்தது. மேற்குறித்த ட்ரூபல் என்பதும் பெல்ஜிய நாட்டின் அன்ற்வேர்ப் நகரிலே, இணைய இணைப்பொன்றைப் பகிர்ந்து வாழ்ந்த மாணவர் சிலர் தமக்குள் செய்தி பரிமாறுதற்குச் செய்த தளத்திலிருந்தே தோன்றியது. அதனை ஆக்கிய டிரிஸ் பொய்ற்றேர்ட், ஒல்லாந்த மொழியில் ‘ஊர்’ எனப் பொருள்படும் பெயரைத் தளத்திற்கு இட விரும்பினாராம். எழுத்துப் பிழையால் அது ‘துளி’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாயிற்று. பெயர் பிழைத்ததேயன்றி ஊர் பிழைக்கவில்லை. 2001ஆம் ஆண்டு அது யாவர்க்கும் பொதுவாக வெளியிடப்பட்டபின் உலகெங்கும் பயனர் குழுக்கள் தோன்றின.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை அழித்ததை நாம் மறவோம். காணாமற்போனோர், முகாம்கள், உதவிப் பொருள்கள் ஆகியவற்றைப் பதிந்து வைத்தற்கென இலங்கையின் மென்பொருளாளர் பலர் தொண்டர்களாய்க் கூடிச் சில நாட்களிலே ‘சகானா’ என்னும் மென்பொருளை ஆக்கினர். 2005இல் பாக்கிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோதும் அது பயன்பட்டது. அத்துணை விரைவாக அவர்கள் கூட முடிந்தமைக்குக் காரணம், முன்னரே ஒருவரையொருவர் அறிந்திருந்தமையே. தமிழுலகிலும் 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் காத்துவரும், 2005இல் தொடங்கிய நூலகத் திட்டமும் தொண்டர் குழுக்களின் உழைப்பே. காஞ்சிபுரம் போன்றதோர் ஊரிலே லினக்ஸ் பயனர் குழு இயங்கியிருக்குமாயின், திருகோணமலையில் இயலாதென்று கூறுதற்கு இடமில்லை.

இதற்குத் தடை கூறுவாரும் உளர். “இன்று எல்லாம் காணொளியிற் கிடைக்கின்றன, செயற்கை நுண்ணறிவு நிரலையும் எழுதித் தருகின்றது, கூட்டம் எதற்கு?” என்பர். அவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அவை கேட்ட வினாவிற்கே விடை தருவன. எதனைக் கேட்பதென்றே அறியாது நிற்கும் மாணவருக்கு, தோள்மேற் கைவைத்து, “நானும் இதிலேதான் தவறினேன்” என்று கூறும் மூத்தோர் வேண்டும். “இளைஞர் எவ்வாறாயினும் ஊரைவிட்டுச் செல்வர்” என்பது இன்னொரு தடை. சிலர் செல்வர், அதனை நாம் தடுக்க இயலாது. ஆனால், தங்க விரும்புவோரையும் தனிமை துரத்துமாயின் அக்குற்றம் நம்மையே சாரும்.

1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியை நடாத்திய சுவாமி விபுலாநந்தர், விஞ்ஞானப் பட்டமும் தமிழ்ப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்றவர். அவர் 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானம் அறிந்தாரும் தமிழ் அறிந்தாரும் ஓரிடத்தில் அமர்ந்தாலன்றிக் கலைச்சொல் பிறவாதென்பதை அக்கால அறிஞர் உணர்ந்திருந்தனர். நம் காலத்திற்கும் அந்நெறியே உரியது.

ஆதலின், பழைய மாணவ நண்பர்களே, நாம் வேண்டுவது இதுவே. கணினிகளை வாங்குங்கள், ஆனால் அத்தொகையில் ஒரு பங்கை ஒதுக்கி, முதலிற் கழகத்தை அமையுங்கள். திங்களுக்கு ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு வகுப்பறை, இணைய இணைப்பு, தேநீர், கதவைத் திறந்து வைப்பவருக்குச் சிறு கொடை என இவற்றுக்கு மேற் செலவில்லை. வெளிப் பாடசாலை மாணவரும், மும்மொழியாரும், பெண்பிள்ளைகளும் தடையின்றி வரட்டும். ஒவ்வொரு முறையும் ஒருவர், தாம் வென்றதை மட்டுமன்றித் தாம் தவறியதையும் எடுத்துரைக்கட்டும். பேசியவற்றைத் தமிழில் எழுதி வைப்போம். அப்பணியைத் தமிழ் ஆசிரியர்களாகிய நாம் ஏற்கின்றோம். கொழும்பிலும் இலண்டனிலும் தொரன்ரோவிலும் வாழும் பழைய மாணவர் பணத்தோடு ஆண்டில் ஒரு மாலைப்பொழுதையும் தந்து, தொலைவிலிருந்தே திரையில் தோன்றி வினாக்களுக்கு விடை கூறலாம்.

நம் பழைய மாணவர் இன்னும் புறப்படவில்லை. முதற்கூட்டம் எப்பொழுது என்று சென்ற கிழமையும் வினவினார். அவருக்குரிய விடை நம் சங்கத்தின் கையிலுள்ளது.